குழாய் உடைந்த நாள்

அந்தக் கண்ணாடியைச் செய்து முடிக்க இல்காவுக்கு ஒரு குளிர்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. சிலிக்கன் தகட்டின் மேல் இரும்பும் சிலிக்கனும் மாறி மாறி, நூற்றுக்கணக்கான படலங்கள். காந்தத்துக்கு நடுவே வைத்தால், வரும் நியூட்ரான்களில் ஒரு பக்கச் சுழற்சி உள்ளவற்றை மட்டும் அது திருப்பிவிடும். மற்றவை நேரே போய்விடும். பலமுறை படலம் உரிந்து வந்த பிறகு, கடைசியில் ஒன்று ஒட்டி நின்றது.

புடாபெஸ்ட் அணு உலைக்கூடத்தில் அதைப் பொருத்த வேண்டியவன் ஜோம்போர். நியூட்ரான்கள் வந்து சேரும் நீண்ட குழாய் போரான் கலந்த கண்ணாடியால் ஆனது. வருடக்கணக்காக நியூட்ரான்களை விழுங்கி விழுங்கி அது உள்ளுக்குள் நொய்ந்து போயிருந்தது.

"முதல்ல குழாயை மாத்தச் சொல்லு. அப்புறம் என் கண்ணாடியை வை" என்றாள் இல்கா.

"கேட்டாச்சு. அடுத்த கோடைக்குத்தானாம். அதுவரைக்கும் உன் தகட்டை மடியில வெச்சுத் தாலாட்டவா?"

கண்ணாடியைப் பொருத்தி, குழாயிலிருந்து காற்றை உறிஞ்ச ஆரம்பித்தார்கள். மூச்சுப்பட்டு மங்குகிறது என்று ஜோம்போர் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இணைப்பருகே குனிந்தான். இல்கா கதவருகே பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் ஒரே சத்தத்தில் உள்நோக்கி நொறுங்கியது. சிதறிய சில்லுகள் அவன் முகத்தில் பாய்ந்தன.

இரண்டு கண்களும் போயின.

இடிபாட்டிலிருந்து எடுத்த இல்காவின் கண்ணாடியில் ஒரு மூலை மட்டுமே கீறியிருந்தது. நிர்வாகம் அதை வேறொரு குழாயில் வரும் நியூட்ரான் கற்றையில் வைத்துச் சோதிக்கச் சொன்னது. இல்கா சோதித்தாள். நினைத்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. கூடத்தில் யாரோ அவள் தோளைத் தட்டினார்கள். அவள் அளவுகள் எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் மருத்துவமனைக்குப் போனபோது ஜோம்போர் கட்டுப்போட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி எடித் ஊட்டிய சூப் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

"திருப்புதா?" என்று கேட்டான்.

"திருப்புது. ஒரு பக்கம் மட்டும். மத்தது துளிகூட இல்ல."

அவன் கட்டின் விளிம்பை விரலால் தடவினான்.

"நியூட்ரானை எப்படியும் யாராலயும் கண்ணால..."

"அப்படிச் சொல்லித் தேத்தாதே, இல்கா. திரையில நியூட்ரான் எண்ணிக்கைக் கோடு ஏறுறதப் பாக்கணும்னுதான் இத்தனை வருஷம் இருந்தேன்."

எடித் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நீங்க கெளம்புங்க" என்றாள், இல்காவைப் பார்க்காமலே.

கோடையில் உலோகக் குழாய் வந்தது. இல்கா இன்னும் படலம் பூசிக்கொண்டுதான் இருக்கிறாள். முடிந்த கண்ணாடிகளை அவளே கூடத்துக்குள் கொண்டுபோவதில்லை. பெட்டியில் வைத்துக் கதவருகே விட்டுவிடுகிறாள். மருத்துவமனையில் அனுப்பிய அன்றைக்குப் பிறகு எடித் அவளைத் தங்கள் வீட்டுக்குள் விடவில்லை.