நூற்றிருபது சும்மாடு

படைத்தவனுக்கு அடுத்தபடியாக சோஹைல் நம்பியது தன் வண்டியின் மீட்டரைத்தான். பாப்பிரெட்டிப்பட்டி கடைத்தெருவில் அவன் இன்டர்நெட் கடை. அங்கிருந்து மலைமேல் இருக்கும் நொச்சிக்காடு ரேஷன் கடை வரைக்கும் ஒருநாள் வண்டியை ஓட்டிப் பார்த்தான். மீட்டர் பதினெட்டு கிலோமீட்டர் காட்டியது. கடையில் இருந்த ஃபைபர் பெட்டியின் முதுகிலோ, வயருக்குள் அது அனுப்பும் வெளிச்சம் இருபது கிலோமீட்டர் போகும் என்று எழுதியிருந்தது. இரண்டு கிலோமீட்டர் மிச்சமே இருக்கிறது, இதற்கு மேல் என்ன கணக்கு வேண்டும் என்று வயரை இழுக்க ஆரம்பித்துவிட்டான்.

நொச்சிக்காட்டுக்கு நெட் வருவது சின்ன விஷயம் இல்லை. ரேஷன் கடையின் கைரேகை மெஷினுக்குச் சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால், கடைக்காரர் தர்மன் அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் பாறைமேல் ஏறுவார். முட்டிவலிக்காரர்களும் கைக்குழந்தைக்காரிகளும் அவர் பின்னாலேயே ஏற வேண்டும். விரலை வைத்துவிட்டு மறுபடி இறங்கி வந்துதான் அரிசி வாங்க வேண்டும். அந்த ஜனங்களிடம், "இனிமே யாரும் பாறை ஏற வேணாங்க" என்று சோஹைல் வாக்குக் கொடுத்திருந்தான்.

வயர் இழுக்கும்போது அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. அப்பா சர்தார் கேபிள் டிவி நடத்திய காலத்திலிருந்து தொற்றிக்கொண்டது. மூன்று கம்பத்துக்கு ஒருதரம் முப்பது நாற்பது மீட்டர் வயரைக் கூடுதலாக விட்டு, வளையமாகச் சுற்றிக் கம்பத்தில் மாட்டிவிடுவான். பின்னால் மரம் விழுந்து அறுந்தால் இழுத்து ஒட்டவைக்க உதவும். நல்ல பழக்கம்தான். தண்ணீர்க்குடம் தூக்கிப் போகும் மலைப் பெண்கள் அந்த வளையங்களுக்குச் சும்மாடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். தலைக்கும் குடத்துக்கும் நடுவில் வைக்கிற துணிச்சுருள் மாதிரியேதான் அவையும் இருந்தன.

ஊருக்கு மூன்று கிலோமீட்டர் கீழே, காட்டை ஒட்டி அர்ச்சுனனின் மரவள்ளி நிலமும் வீடும். அங்கே ஒரு கம்பத்தில் சோஹைல் ஏறியிருந்தபோது, அர்ச்சுனனின் மனைவி ராணியம்மாள் பக்கத்து மரத்தில் ஆடுகளுக்குத் தழை பறித்துக்கொண்டிருந்தார். நீளக் கழியின் நுனியில் அரிவாள் கட்டிய தொரட்டி அவர் கையில் இருந்தது. வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க பாய், இம்புட்டுச் சுத்திச் சுத்தி மாட்றீங்களே, இதுவும் வயரு கணக்குல சேராதுங்களா?"

"அது சும்மா தொங்கறதுக்குங்கக்கா. உங்களுக்குப் புரியாது, விடுங்க" என்று சிரித்தான் சோஹைல்.

வயர் ஊர் போய்ச் சேர்ந்தது. அரிசி போடும் நாளாகப் பார்த்து, ஊரே வரிசையில் நிற்க, ரேஷன் கடையில் பெட்டியை வைத்து சுவிட்சைப் போட்டான். பச்சை எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு எரிந்தது. கழற்றி மாட்டினான், துடைத்து மாட்டினான். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. நாற்பது பேர் கையில் பையோடு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சோஹைலும் ஒரு கூடத்தைத் தேடினான், வரிசையில் அர்ச்சுனன் நின்றிருந்தார்.

"உங்க நெலத்துலதாண்ணா போயிருக்கும். எந்நேரமும் தொரட்டியப் போட்டு இழுத்துக்கிட்டே இருக்கறீங்க. வயரை வெட்டிப்புட்டீங்க."

அர்ச்சுனனுக்குச் சட்டென்று பேச வராது. அதற்குள் வரிசை பேச ஆரம்பித்துவிட்டது. "ஆட்டுக்குத் தழை வேணும்னு ஊரு வாயில மண்ணப் போட்டுட்டியேப்பா" என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கும் எல்லோரும் பாறை ஏறினார்கள். ஏறுகிற ஒவ்வொருவரும் அர்ச்சுனனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினார்கள். தன் முகத்திலிருந்து அத்தனை கண்ணும் விலகியதில் சோஹைலுக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. பின்னால் நினைத்து நினைத்துக் கூசியது அந்த நிம்மதியை எண்ணித்தான்.

நான்கு நாள் கழித்து, மொரப்பூரில் இதே தொழில் செய்யும் சிநேகிதன் மாதவராஜை அழைத்து வந்தான். மாதவராஜிடம் ஒரு மெஷின் இருந்தது. வயரின் ஒரு முனையில் மாட்டினால், எத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்று காட்டிவிடும். அர்ச்சுனன் நிலத்தை ஊருக்கு முன்னால் காட்டிக்கொடுக்கத்தான் சோஹைல் அதைக் கொண்டுவரச் சொன்னதே. ரேஷன் கடைக்குள் இருவரும் குனிந்து பார்த்தார்கள். வாசலில் தர்மனும் நாலைந்து பேரும் காத்திருந்தார்கள்.

மாதவராஜ் குரலைத் தாழ்த்தினான். "எங்கயும் வெட்டே இல்லடா. வயரு முழுசா இருக்குது. நீளம் இருபத்திரண்டரை கிலோமீட்டர்."

"பதினெட்டுதான்டா."

"உன் வண்டி பதினெட்டு ஓடுச்சி. வெளிச்சம் ரோட்டுலயா வருது? நீ சுத்தி மாட்ன ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் சுத்திட்டுத்தான வரணும். இருபதைத் தாண்டிடுச்சி, சோந்து போவுது. எத்தன மாட்டிருக்க?"

நூற்றிருபது. எல்லாம் அவனே கையால் சுற்றி மாட்டியவை. கேபிள் டிவிக்குப் பத்துத் தெரு வயர் இழுத்த பழக்கத்தைப் பதினெட்டு கிலோமீட்டர் மலைக்கு அப்படியே கொண்டுவந்திருந்தான். இதுவும் வயரு கணக்குல சேராதுங்களா என்று ராணியம்மாள் கேட்டது காதிலேயே நின்றது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"எல்லாத்தையும் அவுத்து இழுக்க மாசக்கணக்காவும்" என்றான் மாதவராஜ். "தூரம் போற பெட்டி ஆர்டர் போட்டாலும் எப்ப வரும்னு தெரியாது. வெளிச்சம் முழுசா சோந்து போறதுக்கு முன்னாடி வழியில ஒரு பெட்டி வை. வாங்கி, மறுபடி புதுசா அனுப்பும். அதுக்குக் கரண்டு வேணும், கூரை வேணும்."

அடிவாரத்தை விட்டால் வழியெல்லாம் காடு. அடிவாரமோ பாப்பிரெட்டிப்பட்டிக்கு மிகவும் பக்கம், அங்கே வைத்தால் மேலே வந்து சேராது. கரண்ட் இருக்கிற ஒரே வீடு அர்ச்சுனனுடையது.

"என்னாங்க பாய், அர்ச்சுனன் நெலந்தானா?" என்று வாசலிலிருந்து தர்மன் கேட்டார்.

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சோஹைல், "அங்கதாங்க" என்றான். "அங்க ஒரு பெட்டி வெச்சா சரியாயிடும்." பாதி உண்மையைச் சொல்லி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டான். மாதவராஜ் அவனை ஒருதரம் பார்த்துவிட்டு மெஷினை மூடினான்.

மறுநாள் காலை பெட்டியை எடுத்துக்கொண்டு அர்ச்சுனன் வீட்டுக்குப் போனான். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனான். அர்ச்சுனன் அவனைப் பேசவே விடவில்லை.

"வாங்க பாய். பெட்டி வெக்கணும்னு தர்மன் சொன்னாருங்க. வூட்டுக்குள்ளயே வெச்சிக்குங்க, கரண்டும் நம்மளதே எடுத்துக்குங்க. எங்களால வந்த வெனைக்கு இதாவது செய்யறோம்."

கொட்டகை காலியாக இருந்தது. "ஆடுங்க எங்கண்ணா?" என்று கேட்டான்.

"தங்கச்சி வூட்டுல வுட்டுருக்குதுங்க. இவ தொரட்டியவே எடுக்க மாட்டேங்கறா."

ராணியம்மாள் டீயைக் கொண்டுவந்து நீட்டினார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "நாந்தாங்க பாய் வெட்டிருப்பேன். அவுரு தொரட்டியத் தொட்டதே இல்ல. நான் பண்ணதுக்கு அவுரு ஊரு முன்னாடி தலை குனிஞ்சி நின்னாரு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இந்த நிமிஷமே சொல்லிவிடு என்று மனசு சொன்னது, கையோ சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் குற்றவாளிகள் என்று நம்புவதால்தானே இடமும் கரண்டும் கேட்காமலே கிடைத்தன. அது தெரிந்தும் பேசாமல் பெட்டியை மாட்டினான். இதைவிட ஒரு மனிதன் எவ்வளவு கீழே இறங்க முடியும் என்று அவனுக்கே தெரியவில்லை.

இரண்டு பக்கத்து வயரையும் செருகியதும் பச்சை எரிந்தது. தர்மனுக்குப் போன் போட்டான். அங்கேயும் பச்சை.

ராணியம்மாள் பெட்டியைக் கிட்டே வந்து பார்த்தார். "இது என்னா வேலைங்க பாய் பண்ணுது?"

"ரொம்பத் தூரம் வர்றதுல வெளிச்சம் சோந்து போவுதுங்கக்கா. சாகறதுக்கு முன்னாடி இது அதை வாங்கிக்கும். மொதல்லருந்து இன்னொருக்கா, நல்லா சத்தமா சொல்ற மாதிரி, மேல அனுப்பும்."

ராணியம்மாள் ஜன்னல் வழியாகக் கம்பத்தில் தொங்கும் சும்மாட்டைப் பார்த்தார்.

"அப்ப தூரத்துலதான் சோந்து போச்சிங்களா? வெட்டுப்படலைங்களா?"

சோஹைல் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். "இல்லைங்கக்கா. வெட்டே இல்ல. நீங்க அன்னைக்கிக் கேட்டீங்களே, அதுதான். நான் மாட்டுன சும்மாடுதான் தூரத்தைக் கூட்டிருச்சி. நேத்தே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ரேஷன் கடையில மாத்திச் சொல்லிட்டுத்தான் வந்தேன். மன்னிச்சிருங்க."

அர்ச்சுனன் கட்டிலில் உட்கார்ந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சோஹைலுக்குச் சற்றுத் தேவலையாக இருந்திருக்கும். ராணியம்மாள்தான் பேசினார்.

"எங்க வூட்டுல நின்னுக்கிட்டு எங்ககிட்டயே சொல்றீங்க. அன்னைக்கிப் பழி சொன்னது இங்கயாங்க?"

சனிக்கிழமை பருப்பும் எண்ணெயும் போட்டார்கள். சோஹைல் முன்னாலேயே போய்க் கடையில் உட்கார்ந்துகொண்டான். மெஷின் கடைக்குள்ளேயே வேலை செய்தது, யாரும் பாறை ஏறவில்லை. "நல்லாருப்பீங்க பாய்" என்று விரல் வைத்த ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் அவன் தலை ஒரு பிடி தாழ்ந்தது. அர்ச்சுனனும் ராணியம்மாளும் வந்து வரிசையின் கடைசியில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள். அதைப் பார்த்ததும் சோஹைல் எழுந்தான்.

"ஒரு வார்த்தைங்க" என்றான். குரல் எழும்பவில்லை. "அர்ச்சுனன் அண்ணன் வூட்டுல யாரும் வயரை வெட்டல. தப்பு என்னுது. நூத்திருபது எடத்துல வயரைச் சுத்தி மாட்டி, தூரத்தை நாந்தான் ஏத்திவுட்டேன். தெரிஞ்சப்புறமும் உங்ககிட்ட மறைச்சேன். இப்ப நெட்டு வர்றதே அவுங்க வூட்டுப் பெட்டியாலதான்."

முன்னால் நின்ற இரண்டு மூன்று பேருக்குத்தான் அது கேட்டது. தர்மன் எண்ணெய் பாக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டே, "அட வுடுங்க பாய், அதான் நெட்டு வந்துருச்சில்ல. அடுத்தது யாருங்க?" என்றார். வரிசை ஓர் அடி நகர்ந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று சோஹைல் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"பாய்" என்று கடைசியிலிருந்து ராணியம்மாள் கூப்பிட்டார். மொத்த வரிசையும் அவர் பக்கம் திரும்பியது. "இவ்ளோ தூரம் வர்லைங்க. மொதல்லருந்து இன்னொருக்கா சொல்லுங்க."

சோஹைல் வரிசையின் நடுவுக்கு நடந்து போய் நின்றான். முதலிலிருந்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னான்.