எவெலியோ கொதிக்கவைத்த நத்தைகள்

யுமுரி ஆற்றோரம் காபித் தோட்டம் வைத்திருந்த எதில்மாவுக்கும் எவெலியோவுக்கும் நயேலி ஒரே மகள். போன புயலில் ஆறு கரைபுரண்டபோது அவளைப் பறிகொடுத்தார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை.

அதன்பிறகு எதில்மாவின் பொழுது முழுக்கக் காபிச் செடிகளுக்கு நடுவேதான் போனது. கிளைதோறும் நத்தைகள் ஒட்டியிருக்கும்: மஞ்சள், செங்கல் சிவப்பு, இளம்பச்சை, ஓட்டைச் சுற்றிக் கறுப்பு வரி. பட்டையிலும் இலையிலும் படிகிற பூஞ்சையை அவையே மேய்ந்துவிடும். நயேலி ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருந்தாள். மகாராணி, தூங்குமூஞ்சி, கோபக்காரி. அந்தப் பேர்களைச் சொல்லிக்கொண்டே எதில்மா களை பிடுங்குவாள். எவெலியோ அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

ஒருநாள் அவள் பரகோவா சந்தைக்குப் போய்த் திரும்புகையில் பக்கத்து வீட்டு செலா வழிமறித்தாள்.

"உன் ஆளு காலையிலேர்ந்து வாளியும் கையுமா தோட்டத்துல அலையறான்டி. என்னன்னு கேட்டா வாயில கொழுக்கட்டையா, பதிலே இல்ல."

எதில்மா கொல்லைக்கு ஓடினாள். அடுப்பில் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் எவெலியோ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் காலடியில் வண்ண வண்ணமாய் வெறும் ஓடுகள்.

"இந்த ஓடுங்கள யாருக்கு விக்கப் போற?" என்றாள் எதில்மா.

"யாருக்கும் இல்ல."

"பின்ன எதுக்கு இந்தப் பாவம்?"

அவன் நிமிரவில்லை. "என்னால முடியல எதில்மா. இதுங்களப் பாத்தாலே அவ குரல் கேக்குது. 'மகாராணி தூங்குறா, சத்தம் போடாதப்பா'ங்குறா. இதுங்க ஒழிஞ்சாலாவது நிக்கும்னு நெனச்சேன்."

அவனை அடிக்கத்தான் கையை ஓங்கினாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"உனக்கு அவ குரல் கேக்குதா?"

"தெனமும்."

"எனக்கு ஒரு நாள்கூடக் கேக்கலையே." அவன் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள். "எப்படிச் சொல்லுவா? அவ மாதிரியே ஒரு தடவ சொல்லேன்."

அவன் வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது.

அந்த வாரமே மோவாவில் இருந்த தம்பி வீட்டுக்கு அவன் கிளம்பிவிட்டான். லாரியில் ஏறுமுன், "நீயும் வந்துடேன்" என்றான்.

"ஆறு இன்னும் அவளைத் திருப்பிக் குடுக்கலையே. நான் எங்க வர்றது?"

மழைக்காலம் வந்தது. காபி இலைகளில் கரி பூசியதுபோல் பூஞ்சை ஏறியது. எதில்மா ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் துடைத்து முடிப்பதற்குள் மறுபக்கம் கறுத்தது. அந்த வருடம் காய் பாதிகூடப் பிடிக்கவில்லை. தோட்டத்தின் கடைசி வரிசைவரை கிளை கிளையாகத் தேடினாள். ஒரு நத்தைகூட இல்லை.

அறுவடை முடிந்த சமயம், எவெலியோவை ஏற்றிப்போன லாரிக்காரன் வேலியோரம் வண்டியை நிறுத்தினான்.

"எவெலியோ கேட்டுவரச் சொன்னான். நத்தை ஏதாவது தப்பிப் பொழச்சிருக்கான்னு. சோறு தண்ணி எறங்காம கெடக்கான் பாவம்."

எதில்மா கறுத்துப்போன செடிகளைப் பார்த்தாள்.

"இருக்குன்னு சொல்லு. நெறையா இருக்குன்னு சொல்லு."