பதினொரு தடவை விளையாடியவர்

நான் எழுதிய போன் விளையாட்டில் காதலர்கள் சேரமாட்டார்கள். மொத்தம் ஏழு திரை. ஒவ்வொன்றிலும் நாலு வரிக் கதை, கீழே தொடுவதற்கு இரண்டு மூன்று தேர்வுகள். எதைத் தொட்டாலும் கடைசியில் அவன் கப்பலேறிப் போய்விடுவான். அவள் கூட்டத்தில் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு, பத்தடி தூரத்தில் நிற்கும் வேறு எவனையோ அவனென்று நினைத்துக் கையசைப்பாள். எழுதி முடித்ததும் நானே அழுதேன். ஊரே அழப்போகிறது என்று புனைபெயரில் இணையத்தில் போட்டேன்.

ஊர் அழவில்லை. "கப்பல் கேப்டனைக் கல்யாணம் செய்துகொள்ள வழி உண்டா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "இவளுக்கு வாயில் என்ன பூட்டா போட்டிருக்கிறது?" என்று இன்னொருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழத் தெரியாத ஜென்மங்கள்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கடையில் முன் கவுன்ட்டர் என்னுடையது. பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவரை எனக்குப் பத்து மாதமாகப் பிடிக்கும். திங்கட்கிழமை முதல் அவருக்கு வேறு ஊர்க் கிளையில் வேலை. அவரிடம் சொல்லத் துணிவில்லாமல்தான் கப்பல் விட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்தக் கருத்து வந்தது: "மூன்றாம் திரையில் அவள் பவர் வலது மைனஸ் ஒன்று, இடது மைனஸ் ஒன்றேகால் என்று இருக்கிறது. இந்தப் பவருக்குக் கண்ணாடி இல்லாவிட்டாலும் பத்தடியில் முகம் தெரியும். ஆள் மாறாது. நான் லென்ஸ் தேய்ப்பவன். இன்னொன்று, அவள் அவனிடம் சொல்வதற்கு ஒரு தேர்வுகூட இல்லை. பதினொரு தடவை விளையாடித் தேடிவிட்டேன்."

பின்னறைக்காரரேதான்! தலையில் அடித்துக்கொண்டேன். நாள் முழுக்கப் பவர் எழுதுகிற கை, யோசிக்காமல் என் சொந்தப் பவரை எழுதி வைத்திருக்கிறது.

"அவருக்கு எப்படிக்கா இது கிடைச்சுது?" என்றேன் வீட்டில் அக்காவிடம்.

"போன வாரம் ஃப்ரேம் சரிபண்ண உன் கடைக்கு வந்தேன்ல, அப்ப நான்தான் அவருக்கு லிங்க் குடுத்தேன். யார் எழுதினதுன்னு மட்டும் சொல்லலை."

"அடிப்பாவி!"

"நீ சொல்லவும் மாட்டே, சொல்றவளையும் திட்டுவே. நாளைக்கு ஒருநாள்தாண்டி இருக்கு."

சனிக்கிழமை மதியம் கடையில் ஆளில்லை. கடைசித் திரைக்கு முன்னால் 'சொல்லிவிடு' என்று ஒரு தேர்வைச் சேர்த்தேன். அதைத் தொட்டால் வரும் திரையில் என்ன எழுதுவது என்று விளங்கவில்லை. அப்படியே காலியாக விட்டு, கண்ணை மூடிக்கொண்டு இணையத்தில் ஏற்றிவிட்டேன்.

கால்மணி நேரத்தில் பின்னறை இயந்திரம் நின்றது. என் போனில் ஒரு கருத்து வந்து விழுந்தது: "சொல்லிவிட்டாள். ஆனால் அடுத்த திரை காலியாக இருக்கிறது. பிழையா?"

பிழையாம்! இத்தனை பாடுபட்டு வாயைத் திறந்தால், இந்த மனிதர் அதிலும் குறை கண்டுபிடிக்கிறார். விறுவிறுவென்று பின்னறைக்குப் போனேன். மேஜையில் பாதி தேய்த்த லென்ஸ், அவர் ஏப்ரனெல்லாம் வெள்ளைத் தூள், கையில் போன்.

"பிழை இல்லைங்க. அது அவர் பதில் சொல்ற இடம். அவர் பதிலை நான் எப்படி எழுத முடியும்?"

அவர் எழுந்து நின்றார்.

"எழுதினது நீங்கதான்னு மூணாவது திரையிலயே தெரிஞ்சுபோச்சுங்க," என்றார். "அந்தப் பவரை உங்களுக்காக ரெண்டு தடவை தேய்ச்சிருக்கேன். ஆனா அவன் நான்தானான்னு தெரியலை. அதான் திரும்பத் திரும்ப விளையாடினேன்."

"நீங்கதான்."

அதற்குள் கடையில் யாரோ கவுன்ட்டரைத் தட்டி, "யாருங்க உள்ள?" என்றார்கள். பத்து மாதத்தில் நான் யாரையும் காக்க வைத்ததில்லை.

"இருங்க, வரேன்!" என்று கத்தினேன்.

அவர் சிரித்தார். "சரின்னு எழுதிக்கோங்க," என்றார். "அதுக்குக் கீழ வேற தேர்வு எதுவும் வைக்காதீங்க. எந்த ஊர்ல வேலைங்கறதை அப்புறம் ரெண்டு பேரும் பாத்துக்கலாம்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெளியே வந்து, காத்திருந்த அம்மாளிடம் கண்ணாடியைக் கொடுத்து, நூறு வருஷம் நன்றாக இருங்கள் என்று நானே அவரை வாழ்த்தி அனுப்பினேன்.