வலதும் இடதும்

நாலாவது மாடியில் உட்கார்ந்து எலும்பு முறிவுகளுக்குக் குறியீடு போடுவதுதான் அவள் வேலை. பதினோரு வருஷமாக அதே நாற்காலி. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ‘எலும்பக்கா’. கீழே டாக்டர்கள் எழுதி அனுப்புவதைப் படித்து, எந்த எலும்பு, விலகியிருக்கிறதா, தோல் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து, எழுத்தும் எண்ணுமாக ஏழு இடத்துக்குள் அடக்கிவிட வேண்டும். முழங்கை என்றால் ஆறாவது இடத்தில்தான் வலதா இடதா என்பது தெரியும். வலதுக்கு ஒன்று, இடதுக்கு இரண்டு.

நோயாளிகள் யாரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏசியின் ரீங்காரத்தில் கண் செருகும் வேளையில், அவர்கள் வருவார்கள். முகம் இருக்காது. கம்ப்யூட்டர் திரைக்குள்ளிருந்து முழங்கைகள் மட்டும் வெளிறிய மீன்களைப் போல மெல்ல நீந்தி வரும். இதை ஒருமுறை கணவரிடம் சொல்லப் போய் வம்பாகிவிட்டது. அவர் பஸ் டிரைவர். “நீ என் மூஞ்சியைப் பார்த்துக் கல்யாணம் பண்ணினியா, கைமுட்டியைப் பார்த்தா?” என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். “முட்டி பரவாயில்லை” என்பாள்.

அப்படியொரு மதியத்தில்தான் அந்த ஃபைல் வந்தது. நாற்பத்தாறு வயதுப் பெண். சுவரோவியம் வரைபவர். ஏணியிலிருந்து விழுந்து, கையை ஊன்றியிருக்கிறார். மறுநாள் காலை ஆபரேஷன். அதற்கு இன்ஷூரன்ஸ் அனுமதி வாங்க, சாயங்காலத்துக்குள் குறியீடு போயாக வேண்டும். எக்ஸ்ரேயில் வலது முழங்கையின் பின்பக்க எலும்பு உடைந்து விலகியிருந்தது. டாக்டரும் வலது என்றே எழுதியிருந்தார். ஆனால் வந்தவுடன் முதலில் பார்த்த நர்ஸின் தாளில் ‘இடது முழங்கை வலி’ என்றிருந்தது.

சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

“எக்ஸ்ரே வலதுன்னா வலதுதான். நர்ஸ் அவசரத்துல மாத்தி எழுதியிருப்பாங்க. ஒண்ணு போட்டு அனுப்பிவிடுங்க எலும்பக்கா.”

“ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே.”

“டாக்டருக்குக் கேள்வி எழுதி அனுப்பினா பதில் வர ரெண்டு நாள் ஆகும். நாளைக்குக் காலையில ஆபரேஷன்.”

அவர் சொன்னதிலும் தப்பில்லை. இருக்கைக்குத் திரும்பி கீபோர்டில் ஒன்று என்ற எண்ணின் மேல் விரலை வைத்தாள். அழுத்த மனம் வரவில்லை. ‘இடது’ என்ற அந்தச் சொல் அவசரக் கையெழுத்தில் இல்லை. நிறுத்தி நிதானமாக, காது கொடுத்துக் கேட்டு எழுதியதைப் போல இருந்தது. எழுந்து, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லிஃப்டுக்குப் போனாள்.

முதல் மாடியில் கதவு திறந்ததும் வேறு உலகத்துக்கு வந்ததுபோல இருந்தது. நீண்ட நடைவழி. துடைத்து ஈரம் காயாத தரையில் ஜன்னல் வெளிச்சம் பாய் பாயாக விரிந்து கிடந்தது. கட்டுப்போட்ட கால்களும் கைகளும் தொட்டில்களில் தொங்கின. இத்தனை காலம் எண்களாகத் தெரிந்தவர்களுக்கு இப்போது முகம் இருந்தது. ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவர் தூக்கத்தில் சிரித்தார். தண்ணீருக்குள் நடப்பவளைப் போல அவள் சத்தமில்லாமல் நடந்தாள்.

ஓவியர் ஜன்னலோரப் படுக்கையில் இருந்தார். வலது கை மாவுக்கட்டில் கனத்துக் கிடந்தது. வலிக்கு ஊசி போட்டிருந்ததால் கண்கள் பாதிதான் திறந்திருந்தன. பார்வை கூரையிலேயே இருந்தது.

“உள்ளே வரலாங்களா?”

“வாங்க. கூரைக்குப் பெயின்ட் அடிக்க வந்தீங்களா?”

“இல்லைங்க, நான் மேல் மாடியில வேலை பார்க்கிறேன். உங்க முழங்கையை நம்பரா மாத்துறது என் வேலை.”

“நம்பராவா?” ஓவியர் மெதுவாகச் சிரித்தார். “அழகா மாத்துங்க. நான் குழந்தைங்க லைப்ரரிக் கூரையில மேகம் வரைஞ்சிட்டிருந்தேன். கடைசி மேகத்துக்கு வால் கொஞ்சம் நீளமா இருக்கட்டும்னு எட்டினேன். அதுக்கப்புறம் மேகம் மேல போச்சு, நான் கீழ வந்துட்டேன்.”

“உங்களுக்கு எந்தக் கை வலிக்குது?”

“இதென்ன கேள்வி? இதோ கட்டுப்போட்டிருக்கே.”

“நர்ஸ் இடதுன்னு எழுதியிருக்காங்க.”

ஓவியர் யோசித்தார். வார்த்தைகள் எங்கோ தூரத்திலிருந்து வந்தன. “அந்தப் பொண்ணுகிட்ட ‘இடதும் வலிக்குது’ன்னேன். வலது தொங்கிட்டிருந்ததை அவளே பார்த்தா, அதைச் சொல்லணுமா என்ன? இந்த இடது, இருபது வருஷமா பெயின்ட் டப்பா தூக்குற கை. எப்பவும் வலிக்கும். டாக்டர்கிட்ட அதைப் போய் என்னத்தைச் சொல்றதுன்னு விட்டுட்டேன்.”

இடதும். அந்த ‘உம்’ மட்டும் தாளுக்கு வந்து சேரவில்லை.

ஓவியர் பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளரை இடது கையால் எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோக மணிக்கட்டைத் திருப்பியபோது கை பாதியிலேயே நின்றுவிட்டது. முகம் சுருங்கியது. தண்ணீர் போர்வையில் கொட்டியது.

“பாருங்க, மேகம் வரைஞ்சா மழை வந்துடுது” என்றார்.

அவள் டம்ளரை வாங்கி வைத்தாள். அவள் டாக்டர் இல்லை. அந்தக் கையைத் தொடவும் இல்லை. நேரே டியூட்டி டாக்டரின் மேஜைக்குப் போனாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். காலையிலிருந்து உட்காரவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

“நீங்க யாரு?”

“குறியீடு போடுற கோடிங் செக்‌ஷன்ல இருந்து வர்றேன், டாக்டர்.”

“கோடிங்கா? நீங்க எதுக்கு வார்டுக்கு வந்தீங்க?”

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்: அந்தத் தாள், அந்த வார்த்தை, திரும்பாத கை. டாக்டர் முதலில் எரிச்சலோடு கேட்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய் ஓவியரின் இடது முழங்கையை வெளிப்புறமாக ஒரு விரலால் அழுத்தினார். கூரையைப் பார்த்திருந்த கண்களில் தண்ணீர் முட்டியது.

அரைமணி நேரத்தில் இடது கைக்கும் எக்ஸ்ரே வந்தது. முழங்கையின் வெளிப்புற எலும்புத் தலையில், முடி ஒட்டியிருப்பதைப் போல ஒரு மெல்லிய கோடு. விலகவில்லை. ஆபரேஷனும் தேவையில்லை.

“வலதை மட்டும் பார்த்து ஆபரேஷன் பண்ணியிருந்தா, நாளைக்கே இந்தக் கையை ஊன்றித்தான் எழுந்திருப்பாங்க. எலும்பு விலகியிருக்கும்” என்றார் டாக்டர். கொஞ்சம் தயங்கி, “நல்லவேளை, இறங்கி வந்தீங்க” என்றார்.

அன்று சாயங்காலம் ஒரே பெயருக்கு இரண்டு குறியீடுகள் போயின. சூப்பர்வைசர் இரண்டையும் பார்த்தார். டீயோடு வந்த தன் பங்கு பிஸ்கட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஐந்து நாள் கழித்து நாலாவது மாடிக் கதவில் ஒருவர் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார். வெளியாட்கள் யாரும் வராத அறை அது. எல்லாத் தலைகளும் திரும்பின.

“இங்க எலும்பை நம்பரா மாத்துறவங்க யாருங்க?”

அவள் எழுந்து நின்றாள்.

“நான் ஓவியரோட வீட்டுக்காரர்” என்றார் அவர். “ஆபரேஷனுக்கு முந்தின நாள் மேல இருந்து ஒருத்தங்க இறங்கி வந்தாங்க, இடது கையைக் காப்பாத்தினாங்கன்னு சொல்லிட்டே இருக்கா. ஷிஃப்ட் மாறின நர்ஸுங்க அப்படி யாரையும் தெரியாதுங்கறாங்க. ‘ஊசி மயக்கத்துல கனவு கண்டிருப்பே’ன்னு நானும் சொல்லிப் பார்த்தேன். ‘போய்ப் பார்த்துட்டு வந்தாத்தான் ஆச்சு’ன்னு ஒரே பிடிவாதம்.”

உண்மையைச் சொன்னால், அவளுக்கே அந்த மதியம் ஒரு மாதிரி கனவாகத்தான் தோன்றிக்கொண்டிருந்தது. வெளிச்சம் விரிந்த அந்தத் தரையை நினைத்தபடிதான் ஐந்து நாளும் தூங்கப் போனாள்.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு போனை எடுத்தார். “ஆமா, நிஜமாவே இருக்காங்க. கண்ணாடி போட்டிருக்காங்க. இந்தா, பேசு.”

“எப்படி இருக்கீங்க?” என்று கேட்டாள்.

“ரெண்டு கையையும் கட்டிப்போட்டு ராணி மாதிரி வெச்சிருக்காங்க” என்றார் ஓவியர். “சாப்பாடு வாய்க்கே வருது. ஒண்ணே ஒண்ணுதான்: மூக்கு அரிக்குது. போனையும் பிடிச்சிட்டிருக்கிற பக்கத்து பெட் அம்மாகிட்ட எத்தனை தடவைதான் கேக்குறது? அந்த மனுஷனைச் சீக்கிரம் கீழ அனுப்புங்க.”

அவள் போனைத் திருப்பிக் கொடுத்து, “ஓடுங்க, அவசரக் கேஸ்” என்றாள். அவர் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. படியில் இறங்கும் செருப்புச் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.