எட்டு அடி

லெனோராவின் காய்ந்த உதட்டில் ஹெஸ்டர் ஈரப்பஞ்சை ஒற்றிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. பக்கவாதம் வந்து ஒன்பது நாளாகிறது. குரல் அன்றைக்கே போய்விட்டது. இன்று மூச்சும் விட்டுவிட்டு வந்தது. சாயங்காலம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வந்தவர் ஓரின். ஊமைப்பட நாட்களில் லெனோராவுக்குக் கேமரா பிடித்தவர். எழுபத்தெட்டு வயதில் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"அக்கா, யாரு வந்திருக்காங்க பாருங்க" என்றாள் ஹெஸ்டர். லெனோரா கண் திறக்கவில்லை.

அக்கா. நாற்பத்தொரு வருஷமாக அந்தச் சொல்தான். அன்றைய ஹாலிவுட் ஒப்பந்தத்தில் கதாநாயகிக்குக் கல்யாணமும் கூடாது, பிள்ளையும் கூடாது. அதனால் பெற்ற பெண்ணை லெனோரா தங்கையாக்கிவிட்டாள். பத்தொன்பது வயதில் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு ஹெஸ்டர் நேராகவே கேட்டாள். "தெரிஞ்சுபோச்சுல்ல? அத வாயால வேற சொல்லணுமா?" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு லெனோரா வேலைக்குப் போய்விட்டாள். அதற்குள் பேசும்படம் வந்து, அவளைச் சீந்துவாரில்லாமல் போய், ஒரு கடையில் கையுறை விற்றுக்கொண்டிருந்தாள். ஒப்பந்தம் போட்ட கம்பெனியையே இழுத்து மூடியாகிவிட்டது. ஆனாலும் வேஷத்தைக் கலைத்துக்கொள் என்று அவளிடம் யாரும் வந்து சொல்லவில்லையே! ஹெஸ்டருக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வாய் ஒரே ஒரு தடவை அவளை மகள் என்று சொல்ல வேண்டும். இப்போது அதற்கும் வழியில்லை.

சமையலறையில் ஓரினுக்குக் காபி ஊற்றினாள். அவர் கோப்பையைத் தொடவில்லை.

"ஒண்ணு சொல்லணும் கண்ணு. இத்தன வருஷமா முழுங்கிட்டேன்."

"அக்காவப் பத்தின்னா இப்ப வேணாமே."

"உன்னப் பத்தி. நீ படத்துல நடிச்சிருக்க, தெரியுமா? மூணு மாசக் குழந்தையா. வாடகைக்குக் கொண்டுவந்த பாப்பா கத்திக்கிட்டே இருந்துச்சு. லெனோரா ஓடிப்போய் உன்னத் தூக்கிட்டு வந்து தொட்டில்ல போட்டுட்டா."

ஹெஸ்டர் உட்கார்ந்தாள்.

"கதையில அவ தாதி. நீ அநாதக் கொழந்த. நம்ம படத்துல வாய் என்ன பேசினா யாருக்குத் தெரியும்? எழுத்து அட்டையில போடறதுதான் வசனம். அட்டையில, 'தூங்கு, உனக்கு யாருமில்லை'ன்னு. இவ குனிஞ்சு, 'அழாதடி, நான்தான் உன் அம்மா, நான்தான்டி'ங்கறா. வழக்கமா அவளுக்கு அழுகை வர வயலின்காரன் ஒருத்தன் பக்கத்துல நின்னு வாசிப்பான். அன்னிக்கு அவன் வாசிக்கறத நிறுத்திட்டான். நான் மட்டும் கேமராக் கைப்பிடியச் சுத்திக்கிட்டே இருந்தேன்."

"அப்புறம்?"

"படம் நல்லா ஓடிச்சு. ஒஹையோவுல காது கேக்காத அம்மா ஒருத்தங்க கம்பெனிக்குக் கடுதாசி போட்டாங்க. அவங்க உதட்டப் பாத்தே படிப்பாங்கல்ல. அட்டையில ஒண்ணு இருக்கு, அந்தப் பொண்ணு வேற சொல்றா, பெத்தவ சொல்ற மாதிரியே இருந்துச்சு, தேம்பித்தேம்பி அழுதேன்னு. பாராட்டித்தான் எழுதினாங்க, பாவம்."

கம்பெனி முதலாளிகள் வெலவெலத்துப் போனார்கள். ஊரெல்லாம் போயிருந்த பிரதிகளைத் திரும்ப வரவழைத்தார்கள்.

"எட்டு அடி பிலிம். வெட்டினது நான்தான் ஹெஸ்டர். கழிச்ச பிலிம உருக்கி வெள்ளி எடுப்பாங்க, அந்தப் பீப்பாயில கொண்டுபோய்ப் போட்டேன். அதுக்கப்புறம் லெனோராவக் கிட்டத்துல படம் பிடிக்கவே விடல. கூட்டத்துல நாலாவது ஆளா நிப்பா. ஒரு வருஷத்துல தொழிலே போச்சு."

"எங்கிட்ட ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"ஒரு தடவ சொன்னதுக்கே அந்த அடி. பயந்துட்டாம்மா."

ஹெஸ்டர் எழுந்தாள். சொல்லியிருக்கிறாள். ஊர் ஊராகத் திரையில் பத்தடி முகமாகச் சொல்லியிருக்கிறாள்! யாரோ முகம் தெரியாத ஒருத்தி அதைப் படித்து அழுதிருக்கிறாள். கேட்க வேண்டியவள் தொட்டிலில் கிடந்திருக்கிறாள்.

அவள் படுக்கையறைக்கு ஓடினாள். கட்டிலருகே மண்டியிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா" என்றாள். வாய்க்குப் பழக்கமில்லாத சொல், திக்கிற்று. "அம்மா, ஓரின் சொல்லிட்டார். எல்லாம் சொல்லிட்டார்."

லெனோரா கண் திறந்தாள். அவளைப் பார்த்தாள். அடுத்த கணம் அந்தக் கண்கள் பதறிக்கொண்டு கதவுப் பக்கம் போயின.

"யாருமில்லம்மா. கதவச் சாத்திட்டேன். என்னப் பாருங்க."

பார்க்கவில்லை. யார் கேட்டுவிட்டார்களோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு நின்றபோதும் கண் அங்கேதான் இருந்தது. ஹெஸ்டர் வெகுநேரம் கழித்து அதை மூடினாள்.

"நான் போனா முதல்ல பத்திரிகைக்குச் சொல்லு, அப்புறமா டாக்டருக்கு" என்று லெனோரா கேலியாகச் சொல்லிவைத்திருந்தாள். ஹெஸ்டர் அப்படியே செய்தாள். தொலைபேசியில் எவனோ இளவயதுக்காரன். மரியாதையாகத்தான் பேசினான்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"மகள்."

மறுமுனையில் காகிதம் புரண்டது.

"மன்னிச்சுக்குங்க மேடம். அந்தக் காலத்து நடிகை யாராவது போயிட்டாங்கன்னா மகள்னு சொல்லிக்கிட்டு மூணு பேராவது கூப்பிடுவாங்க. எங்க ஃபைல்ல, கல்யாணம் ஆகல, குழந்தை இல்ல, தங்கச்சி ஒருத்தங்கன்னு இருக்கு. மிஸ் லெனோரா வேஸே எழுதிக் கொடுத்தது, கையெழுத்தோட. அவங்க தங்கச்சி இருந்தா கொஞ்சம் கூப்பிடறீங்களா?"

ஹெஸ்டர் ரிசீவரை மேஜைமேல் வைத்தாள். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். ஓரின் வாசற்படியில் நின்று தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்காமல், ஓர் ஆள் உள்ளறையிலிருந்து நடந்து வருகிற நேரம் காத்திருந்துவிட்டு, ரிசீவரை எடுத்தாள்.

"சொல்லுங்க" என்றாள். "அவங்க தங்கச்சி பேசறேன்."