சுப்பையா தோற்கப் போனார்

உலகத்தில் வறுமை எப்படி ஒழியும் என்ற வழக்கை மராத்தி பேசும் ஊரான நிக்டியில், பூங்காவின் சிமெண்ட் பெஞ்சில் பதினோரு வருஷமாக ஞாயிறுதோறும் இரண்டே தமிழர்கள் நடத்திவந்தார்கள். தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சுப்பையா அரசாங்கத்தின் கட்சி. வங்கி மேலாளராக இருந்த ராம்பிரசாத் சந்தையின் கட்சி. ரேஷன் கடையும் பள்ளிக்கூடச் சோறும் இல்லாவிட்டால் பாதி ஜனம் செத்திருக்கும் என்பார் இவர். கம்பெனிகள் வந்திராவிட்டால் இந்தப் பக்கமெல்லாம் இன்னமும் மாடுதான் மேய்ந்திருக்கும் என்பார் அவர். சீனாவை மட்டும் இரண்டு பேருமே தத்தம் கட்சியில் சேர்த்துக்கொள்வார்கள். இவர்கள் தீர்ப்புக்காக உலகம் ஒன்றும் காத்துக் கிடக்கவில்லை. அது அவர்களுக்கும் தெரியும்.

மூன்று ஞாயிறுகளுக்கு முன்னால் சுப்பையாவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"பசின்னா என்னன்னு தெரியாத உமக்கு ஏழையப் பத்தி என்ன வே பேச்சு?" என்று கேட்டுவிட்டார். ராம்பிரசாத் எழுந்து போனவர்தான், அப்புறம் பூங்காப் பக்கமே வரவில்லை.

மனைவி இறந்தபின் சுப்பையாவுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் வாரம் முழுவதற்குமான பேச்சு. பூங்காவில் மற்றவர்கள் நமஸ்காரம் சொல்வார்கள், நல்ல மனிதர்கள்தான். ஆனால் அவருடைய மராத்தியில் கொத்தமல்லி வாங்கலாம், சண்டை போட முடியாது. புதன்கிழமை மத்தியானம் டி.வி.யில் செய்தி வாசித்த பெண்ணோடு தான் வாதாடிக்கொண்டிருப்பதை அவரே கவனித்தார். பயந்துபோனார்.

நான்காவது ஞாயிறு காலை, வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ராம்பிரசாத் வீட்டு மணியை அடித்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். கதவு திறந்ததும், வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைக் கொட்டினார்.

"நீரு சொன்னதுதான் சரி வே. சந்தைதான் வறுமைய ஒழிக்கும். யோசிச்சுப் பாத்துட்டேன். ரேஷன் கடையெல்லாம் சும்மா."

ராம்பிரசாத் சிரிப்பார், ஜெயித்த மிதப்பில் காபி கொடுப்பார் என்று நினைத்திருந்தார். அவரோ கதவைப் பிடித்தபடி சுப்பையாவின் முகத்தையே பார்த்தார்.

"ரேஷன் கடைய நீங்களே சும்மாங்கறீங்களா?" என்றார் மெதுவாக. "ஏனுங்க சுப்பையா, அத்தனை தனியாவா இருக்கீங்க?"

எதற்கும் வாயில் பதில் வைத்திருக்கும் சுப்பையா, எழுபத்திரண்டு வயதில், அடுத்தவர் வாசலில் நின்றுகொண்டு, அழுதார்.