மயங்கிய தளபதி

நிஜ விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தாலே பல் மருத்துவர் வேறு இடம் கேட்டு மாறிவிடுவார். ஆனால் ஞாயிறுதோறும் கணினியில் போர் விமானம் ஓட்டும் ஐந்து பேருக்கு அவர்தான் தளபதி. எல்லாம் அசல்போல இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. எதிரி விமானத்தின் மேல் பெயர் மிதக்கக் கூடாது. வழிகாட்டும் அம்பு கூடாது. விழுந்தால் விழுந்ததுதான், மறுபிறவி கிடையாது.

"அதெல்லாம் பால்குடி மறக்காத பசங்களுக்கு" என்பார்.

அசல்போலவே வாராவாரம் விழுந்துகொண்டும் இருந்தார். இன்றைக்கும் விழுந்தால் தலைமை, ஐவரில் ஒருவனான மச்சினனுக்கு என்று குழு கறாராகச் சொல்லிவிட்டது.

பூட்டிய கிளினிக்கில், நோயாளிகள் சாயும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கிளம்பினார். மேகத்திலிருந்து எதிரி எட்டிப் பார்த்ததும் வீராவேசமாக ஒரு திருப்பு திருப்பினார். அப்படித் திருப்பினால் விமானியின் தலையில் ரத்தம் வற்றி மயக்கம் வரும். அதையும் அசல்போலக் காட்டத் திரை இருண்டது.

வேறு யாராவது என்றால் பிடியைத் தளர்த்திவிட்டு வெளிச்சம் வரக் காத்திருப்பார்கள். மருத்துவர் கொள்கைப் பிடிப்புள்ளவர். மயங்கினவன் கண்ணைத் திறந்து வைத்திருப்பானா? நாற்காலியின் மிதியை அழுத்திச் சாய்த்து, கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, வாயையும் பிளந்துகொண்டார்.

"மாமா, தலைகீழாப் போறீங்க. கீழ கடல் மாமா" என்று ஸ்பீக்கரில் அலறினான் மச்சினன்.

திரை தெளிந்துவிட்டது. தளபதி தெளியவில்லை.

பக்கத்து அறையில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த மனைவி ஓடி வந்தாள். கணவர் கிடந்த கோலம் அவளுக்குப் புதிதல்ல. கடல்தான் விறுவிறுவென்று பெரிதாகிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் தினமும் காது புளிக்கக் கேட்ட பாடம் கைக்கு வந்தது. ஈரக்கையோடு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து விமானத்தைப் புரட்டி நிமிர்த்தினாள். அது அலையை உரசிக்கொண்டு மேலே ஏறியது.

"அடேயப்பா" என்றான் மச்சினன். "எப்படி மாமா?"

மருத்துவர் கண்ணைத் திறந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாம் அனுபவம்பா. பதறக் கூடாது."

மனைவி மைக்கை இழுத்தாள். "அவர் எங்கடா பதறினார்? வாயைப் பொளந்துட்டுப் படுத்திருந்தார். தூக்கினது நான்."

மறுமுனையில் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. "அப்போ அக்காவே தலைமை தாங்கட்டும்" என்றான் மச்சினன்.

"விமானம் விழலையே" என்று வாதாடினார் மருத்துவர். "மயங்கினதுக்கெல்லாம் பதவியைப் பிடுங்க முடியாது."

"யாரு பிடுங்குறா?" மனைவி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க தளபதியாவே மயங்கி இருங்க. நான் தரையிறக்கிட்டு எழுப்புறேன்."

தளபதி சற்று யோசித்தார். பதவிக்குப் பங்கமில்லை என்று பட்டது. மறுபடி சாய்ந்துகொண்டார்.